கயிற்றின் பின்முனை

மதில் வெடிப்புக்குள் இடக்கையை நேராக நுழைத்து, உள்ளே பெருவிரலை மடித்து இறுக்கி, செலீன் தம் உடற்பாரம் முழுவதையும் அந்த ஒரு கையில் தொங்கவிடுகிறார். தோளில் அலுவலகக் கைப்பை, செருப்புகள் கீழே. கொட்டாஞ்சேனையில் எங்கள் மாடிக்குடியிருப்பின் பின்மதில் கருங்கல்லால் ஆனது. கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் முகவர் நிலையத்தில் தட்டெழுத்தாளராகப் பணிபுரியும் இவர், மாலையில் அம்மதிலோடு சற்று நேரம் மல்லுக்கட்டாமல் வீட்டுக்குள் நுழைவதில்லை. புறங்கைத் தழும்புகளைப் பற்றி அலுவலகத்தில் எவரேனும் வினவினால், மீன் பொரித்தபோது எண்ணெய் தெறித்தது என்று விடையிறுப்பாராம்.

கீழ்வீட்டுச் சீனியம்மாவுக்கு இது தீராத வேடிக்கை. “ஏம்மா, அந்தக் கல்லு உச்சியில சாமி இருக்கா? ஒண்ணுமில்லாத எடத்துக்கு எதுக்குத் தொங்கிக்கிட்டுப் போற?” என்று ஒருநாள் கேட்டார்.

“மேல ஒண்டும் இல்லைதான் அக்கா. ஐடி கேக்க ஒரு ஆமிக்காரனும் இல்லை.”

இருவரும் குறிப்பிட்டது, மதிலில் பழகிவிட்டுச் செலீன் ஏறச் செல்லும், குருநாகல் வீதியிலிருந்து சற்று விலகியுள்ள ஒரு கருங்கற் குன்றை. அதன் பெயரை எழுதிப் பாதுகாப்புப் பிரிவினருக்கு வேலை வைக்க நான் விரும்பவில்லை. அடியிலிருந்து உச்சிவரை ஒரே வெடிப்பு சாய்ந்து செல்கிறது. இவர் சேர்ந்துள்ள மலையேறும் கழகம் புதியவர்களை முதன்முதலில் அழைத்துச் செல்வது இவ்வழியாகத்தான். பாறையில் ஆணி அடிப்பதில்லை. கயிற்றின் முன்முனையில் ஏறுபவர் வெவ்வேறு பருமனுள்ள உலோக ஆப்புகளை வெடிப்பிற் செருகி, அவற்றிற் கயிற்றைக் கொளுவிக்கொண்டு செல்வார்; கால் தவறினால் ஆப்புத் தாங்க வேண்டும். பின்முனையில் வருபவர் அவற்றைப் பிடுங்கிச் சேர்த்துக்கொண்டு ஏறுவார். மேலிருந்து கயிறு பிடிக்கப்படுவதால் அவருக்கு அச்சமில்லை. ஆகவே அது பழகுநரின் இடம். செலீன் எட்டு ஆண்டுகளாகப் பழகுநர். அவருக்குப் பின் சேர்ந்தவர்கள் முன்முனைக்குப் போய்விட்டார்கள். அவர் கேட்கும்போதெல்லாம் செயலாளர் “அடுத்த முறை” என்பார்.

“நான் பிடுங்கிறதுக்கெண்டே பிறந்தனான், மாஸ்டர்” என்று அயல்வீட்டு ஆசிரியனான என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு வாயளவில் நின்றது.

ஆப்பு ஒன்று எந்நேரமும் அவர் கைப்பையிற் கிடக்கும். ஒருமுறை சோதனைச் சாவடியில் அதைக் கண்டெடுத்த பெண் பொலிஸ்காரர், எந்தக் குண்டின் உறுப்பு என்று கேட்டிருக்கிறார். செலீன் நல்ல சிங்களத்தில் விளக்கினார், பயனில்லை. இறுதியில் சாவடிப் பலகைகளின் இடுக்கில் அதைச் செருகி, கைப்பையை அதிலே தொங்கவிட்டுக் காட்டினார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பொலிஸ்காரரும் சிரித்தார், ஆயினும் பிற்பகல்வரை இருத்தி வைத்தே அனுப்பினார். அன்றைய அரைநாட் சம்பளம் போயிற்று.

சென்ற மாதம் கழகத்தில் முன்முனையில் ஏறுபவர் ஒருவர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். அடுத்த பயணத்தில் முன்முனை செலீனுக்கே எனச் செயலாளர் வாக்களித்தார். அந்த நாட்களில் செலீனின் நடையே மாறியிருந்தது. கப்பலில் வேலை பார்க்கும் தமையன் ஹம்பேர்க் துறைமுகத்தில் வாங்கிக் கொடுத்த கயிற்றை மாடிப்படிக் கைப்பிடியிற் கட்டி, ஒற்றைக் கையால் முடிச்சிடப் பழகினார். ஞாயிறு விடியலிலேயே பயணம் என்பதால், அன்றைய பூசையைச் சனி மாலையே முடித்துக்கொண்டார்.

அவர் மாதா கோவிலிலிருந்து திரும்பியபோது கழகத்து வேனை ஓட்டும் பலீல் படிக்கட்டில் நின்றிருந்தார். அந்த வாரம் கோட்டையில் குண்டு வெடித்ததிலிருந்து வீதிச் சோதனைகள் கடுமையாகியிருந்தன.

“ஏசாதீங்க மிஸ். சொல்லச் சொல்லி என்னத்தான் அனுப்பினாங்க. ஓங்கட ஐடில பொறந்த எடம் யாழ்ப்பாணம்னு இருக்கு. அதப் பாத்தா ஆமிக்காரன் முழு வேனையும் எறக்குறான். புது ஆக்கள் பயப்படுறாங்களாம். நாளைக்கு நீங்க வர வேணாமாம்.”

நான்கு வயதில் விட்டுவந்த ஊர் அது. செலீன் வாதாடவில்லை. யார் முன்னுக்குப் போவது என்று மட்டும் கேட்டார். செயலாளர்தான் என்றார் பலீல். பிறகு தரையைப் பார்த்தபடி, “கழகத்துக் கயிறு பழசு, மிஸ். ஓங்கட கயிறயும் சாமானயும் மட்டும் தரச் சொன்னாங்க” என்றார்.

“என்ர பிறந்த இடம்தான் பிழை. என்ர கயிறு ஹம்பேர்க். அதுக்குப் பிழையில்லை, என்ன?”

செலீன் உள்ளே சென்று கயிற்றைக் கொண்டுவந்து பலீலின் தோளில் மாட்டினார். அடுத்து ஆப்புகள் வந்தன. எட்டு ஆண்டுகள் பிடுங்கிப் பிடுங்கி, எந்த இடுக்குக்கு எது பொருந்தும் என்று விரல் அறிந்திருந்த வரிசையில், கீழிருந்து உச்சிவரை, அவற்றை ஒரு பட்டியிற் கோத்திருந்தார். அந்தப் பட்டியை அவருடைய நீட்டிய கையில் வைக்கப்போன செலீன் நிறுத்திக்கொண்டார். படியிலே அமர்ந்து ஆப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு துணிப்பைக்குள் போட்டார். பின்னர் கையை உள்ளே விட்டு, பச்சரிசி களைவதுபோல் நன்றாகக் கிளறிவிட்டு, பையை நீட்டினார்.