பெஞ்சில் படுத்த தலைவர்

தென்காசியில் எனக்கு மின்சாமான் கடை. பல்பு, ஒயர், சுவிட்ச், மின்விசிறி எல்லாம் கிடைக்கும். ஆனால் அந்தக் கடையை வைத்து என்னை யாருக்கும் அடையாளம் தெரியாது. 'அருவி காட்டுறவர்' என்றால்தான் தெரியும். சீசன் காலத்தில் கடை திறப்பதற்கு முன்னால் ஸ்கூட்டரில் குற்றாலம் போவேன். மெயின் அருவிக்கு முன்னால் நின்று, தண்ணீர் எப்படி விழுகிறது, கூட்டம் எவ்வளவு, குளிக்க விடுகிறார்களா என்று கொஞ்சம் நையாண்டி கலந்து பேசி வீடியோ போடுவேன். மதுரைக்காரரும் சிவகாசிக்காரரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் அங்கே வெயிலில் உட்கார்ந்துகொண்டு இங்கத்திய சாரலைப் பார்க்கிறார்கள்.

கடைக்காரர் சங்கத்துக்கு என்னைத் தலைவராக்கியதும் இதனால்தான். எனக்குப் பேச்சுத் திறமை இருப்பதாக அவர்களுக்கு ஒரு எண்ணம். உண்மையில் எனக்கு இருப்பது பயம். பயம் வந்தால் என் வாய் ஓயாது. அதைத் திறமை என்று எடுத்துக்கொண்டது அவர்களின் நல்ல மனசு. என் மனைவிக்கு அந்த நல்ல மனசு கிடையாது. தேர்தல் முடிந்து மாலையோடு வீட்டுக்குள் நுழைந்தவனைப் பார்த்து, "கரப்பான் பூச்சி பறந்தா கட்டில் மேல ஏறுத ஆளு. இவுகளப் போயி தலைவர்ங்காவ" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாரல் நன்றாக இறங்கியிருந்தது. காலையில் வழக்கம்போல வீடியோ போட்டேன். "இன்னைக்குத் தண்ணி நல்லா விழுது, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு தாராளமா வாங்க" என்று சொல்லிவிட்டு வந்து கடையில் உட்கார்ந்தேன். மதியம் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் போனை நீட்டிக்கொண்டு வந்தார். என் நண்பர். வீடியோ வெட்டுவது, ஒட்டுவது, கமெண்ட்டுக்குப் பதில் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு.

"வே, இதப் பாரும். பிள்ள பிடிக்குதவன். நம்ம குத்தாலத்துலயே."

பார்த்தேன். ஒரு ஆள். முகம் சரியாகத் தெரியவில்லை. இடுப்பில் கட்டம்போட்ட லுங்கி, மேலே சட்டையில்லை, கை இரண்டும் எண்ணெயில் மினுமினுக்கின்றன. மூன்று வயது இருக்கும் ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தை விலக்கி வேகமாகப் போகிறார். குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு வீறிடுகிறது. பின்னால் யாரோ "பிடிங்க, பிடிங்க" என்கிறார்கள். அதோடு வீடியோ முடிந்துவிடுகிறது.

முதல் வேலையாகச் சென்னையில் படிக்கும் என் மகளுக்குப் போன் போட்டேன். "ஏட்டி, தெரியாதவங்க எது குடுத்தாலும் வாங்காத."

"அப்பா, நான் எம்.காம் படிக்கேன்" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

நண்பர் அவசரப்படுத்தினார். "நம்ம பக்கத்துல போடும்வே. நாம போட்டா சாயந்தரத்துக்குள்ள ஆளப் பிடிச்சிருவானுவ."

"பிடிச்சா?"

"பிடிச்சா உரிச்சிருவானுவ. பின்ன என்ன, கொஞ்சவா செய்வானுவ?"

நான் அதற்குள் 'எச்சரிக்கை' என்று அடித்துவிட்டேன். சிவப்பு விளக்குப் படமும் வரிசையாகப் போட்டாயிற்று. என்னைத் தடுத்தது அறிவு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் தடுத்தது எண்ணெய். அந்த ஆளின் கை முழங்கை வரைக்கும் பளபளத்தது. அருவிக்கரையில் பெஞ்ச் போட்டு, குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் யாரோ பாதி வேலையில் எழுந்து வந்திருக்கிறார்.

"ஓய், எண்ணெய்க் கையோட எவனாவது பிள்ள பிடிக்கக் கெளம்புவானா? வழுக்காதா?"

நண்பர் யோசித்தார். "நீரு போலீசுல சேந்திருக்கலாம்."

"உசரம் பத்தல."

அடித்ததை அழித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். போகிற வழியெல்லாம் எனக்கு நானே பயம் காட்டிக்கொண்டு போனேன். நிஜமாகவே பிள்ளை பிடிக்கிறவனாக இருந்தால், போடாமல் விட்ட பாவம் என் தலையில். இல்லாவிட்டால் இந்நேரம் அவரை யாராவது அடித்துப் போட்டிருப்பார்கள். எதிரே வந்த ஆம்புலன்ஸ் ஒவ்வொன்றும் அவருக்காகத்தான் வருகிறது என்று தோன்றியது. அதில் ஒன்று ஆம்புலன்ஸே இல்லை, பால் வண்டி.

அருவிக்கரை போலீஸ் கூண்டில் இருந்த காவலர் நான் கேட்டதும் சிரித்தார். "அந்தப் பிள்ளையா? அது அப்பவே அம்மாகிட்ட சேந்தாச்சு அண்ணாச்சி. எண்ணெ தேய்க்கவருதான் தூக்கிட்டு வந்தாரு. மைக்ல சொன்னோம், அந்தம்மா ஓடி வந்துட்டாவ. அந்தா இருக்காவ பாருங்க."

கடை ஓரத்தில் ஈரத் துணிப் பையோடு நின்றிருந்தார் அந்த அம்மா. ஊர் அச்சன்புதூர். கணவருக்கு ஷார்ஜாவில் வேலை. தம்பியோடு குளிக்க வந்திருக்கிறார். அருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். பிரிகிற இடத்தில் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு குழப்பம் வரும். பிள்ளை இவரோடு போயிருக்கும் என்று தம்பி ஆண்கள் பக்கம் போய்விட்டார். தம்பியோடு போயிருக்கும் என்று இவர் பெண்கள் பக்கம் போய்விட்டார். இரண்டு பேரும் நிம்மதியாகத் தலையை நனைத்திருக்கிறார்கள். பிள்ளை எண்ணெய் பெஞ்சுகளுக்கு நடுவில் நின்று அழுதிருக்கிறது. இப்போது அது நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்துக்குள் கையை விட்டுக்கொண்டு என்னை அலட்சியமாகப் பார்த்தது.

"உங்க வீடியோவப் பாத்துட்டுத்தான் அண்ணே ஷார்ஜாவுல இருந்து அவுக 'போயிட்டு வாங்க'ன்னு சொன்னாவ" என்றார் அந்த அம்மா.

தாராளமா வாங்க என்று சொன்னவன் நான்தான். போனை எடுத்து அந்தப் 'பிள்ள பிடிக்குதவன்' வீடியோவைக் காட்டினேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் பிள்ளையை இழுத்துத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

"யா அல்லா. அந்த மனுசன் தங்கமான ஆளு. எண்ணெ கண்ணுல பட்டுத்தான் இவ கத்துனா." பிறகு, "எம் பிள்ள மூஞ்சி எதுலயும் வரக் கூடாது அண்ணே. அவுக அங்கன தனியா இருக்காவ. பாத்தா தாங்க மாட்டாவ" என்றார்.

எண்ணெய்க்காரர் அவருடைய பெஞ்சில் இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு நாலைந்து பையன்கள் வந்து "எவன்லே அவன்?" என்று தேடியிருக்கிறார்கள். கூட வேலை பார்க்கிறவர்கள் அவரைக் கொண்டுபோய் ஒரு லாட்ஜின் பின்னால் எண்ணெய் டின் வைக்கும் அறையில் உட்காரவைத்திருந்தார்கள். என் வயதுதான் இருக்கும். நான் உள்ளே போனதும் எழுந்தார்.

"அண்ணாச்சி, நீங்க போட்டியளா?"

"இல்ல."

"அப்பம் சரி" என்று மறுபடியும் உட்கார்ந்தார். "மத்தவன் போட்டா பாதிப் பேரு நம்புவான். நீங்க போட்டா எம் பொண்டாட்டியே நம்பிருவா."

நல்லவேளை, அங்கே உட்கார டின் இருந்தது.

இதற்குள் பின்னாலேயே நண்பரும் பைக்கில் வந்துவிட்டார். வீடியோ பல குழுக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றார். கமெண்ட்டுகளில் ஆளாளுக்கு அவருடைய ஊரையும் சாதியையும் மதத்தையும் எழுதிவிட்டார்கள். ஒருவர் எழுதியது இன்னொருவர் எழுதியதோடு ஒத்துவரவில்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

"அதே வீடியோவ எடுத்து, மேல 'பொய்'ன்னு பெருசா எழுதிப் போடுவோம்" என்றார் நண்பர்.

"எழுத்த எவன்வே படிக்கான்? ஆளத்தான் பாப்பான்."

"அப்பம் இவரயும் அந்தம்மாவயும் பிள்ளையயும் நிக்க வச்சு லைவ் போடும்."

எண்ணெய்க்காரர் தலையை ஆட்டினார். "எம் மூஞ்சி வேண்டாம் அண்ணாச்சி. பிள்ளத் திருடன்னு வந்த பட்டம் ஒரு நாளுல போயிரும். மூஞ்சி போவாது."

காட்டக்கூடாத முகங்களைக் கழித்துப் பார்த்தால் மிச்சம் இருந்தது என் முகம் ஒன்றுதான். முகத்தைக் காட்டினால் மட்டும் போதாது, அவரை நான் நம்புவதையும் காட்ட வேண்டும் என்பது அடுத்த நொடியில் உறைத்தது. அவர் தேய்க்க வேண்டும், நான் படுக்க வேண்டும், அவருடைய கை மட்டும் தெரிய வேண்டும். சங்கத் தலைவர் சட்டையைக் கழற்ற வேண்டும். நான் பனியனைக்கூட மொட்டை மாடியில் கழற்றாத ஆள். என் தொப்பையைப் பற்றி எனக்கும் டாக்டருக்கும் மட்டுமே தெரியும் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

"கையி மட்டும் தெரிஞ்சா உமக்குச் சம்மதமா?" என்று கேட்டேன்.

அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "இங்கன எல்லாக் கையும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். எடுங்க."

முதலில் காவலரிடம் மறுபடியும் போய், இன்ன மாதிரி சொல்லப் போகிறேன், சரிதானா என்று கேட்டுக்கொண்டேன். அந்த அம்மாவிடமும் சொன்னேன். பெயர், ஊர் எதுவும் வராது என்ற பிறகு தலையசைத்தார். அப்புறம் காவலரைத் துணைக்கு நிற்கச் சொல்லி, எண்ணெய்க்காரரை அழைத்துவந்து அவருடைய பெஞ்சில் குப்புறப் படுத்தேன். சாரல் முதுகில் ஊசி ஊசியாக விழுந்தது. சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

"இது நம்ம அருவி காட்டுதவருல்லா?"

"இன்னைக்கு மலையக் காட்டுதாரு" என்றது ஒரு குரல். இன்றுவரை அந்தக் குரலைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நண்பர் போனைப் பிடித்துக்கொண்டு, பேசலாம் என்று கையைக் காட்டினார். பேசினேன். "இன்னைக்கு இங்க ஒரு பிள்ளை கூட்டத்துல தவறிப்போச்சு. எண்ணெய் தேய்க்கிற ஒருத்தர் போட்டது போட்டபடி எழுந்து, அதைத் தூக்கிட்டுப் போலீஸ்கிட்ட ஓடினார். கையில இருந்த எண்ணெய் கண்ணுல பட்டுப் பிள்ளை அழுதிருக்கு. அதைத்தான் எவனோ பாதியில எடுத்து, பாதியில வெட்டி அனுப்பியிருக்கான். பிள்ளையோட அம்மாகிட்ட நான் பேசினேன். போலீஸ்கிட்டயும் கேட்டேன். பிள்ளை இப்ப சிப்ஸ் தின்னுக்கிட்டு இருக்கு. அந்த வீடியோ உங்க போன்ல இருந்தா அழிச்சிருங்க. அனுப்பியிருந்தா, யாருக்கு அனுப்பினீங்களோ அவங்ககிட்டயும் சொல்லுங்க. நான் எவ்வளவு பயந்த ஆளுன்னு உங்களுக்கே தெரியும். அப்படிப்பட்ட நான் இப்ப அந்தக் கையிலதான் என் கழுத்தக் குடுத்திருக்கேன்."

கடைசி வரியில் எண்ணெய்க்காரர் என் தோள்பட்டையில் எதையோ பிடித்து அழுத்தினார். என் குரல் 'கழுத்த' என்ற இடத்தில் கீச்சென்று மேலே போனது. "மூச்ச விடுங்க அண்ணாச்சி" என்று அவர் மெதுவாகச் சொன்னதும் வீடியோவில் பதிந்துவிட்டது.

அதைப் போட்டதோடு வேலை முடியவில்லை. எண்ணெய் முதுகோடு அந்த டின் அறையிலேயே உட்கார்ந்து, லாட்ஜ்காரர்கள் குழு, ஆட்டோக்காரர்கள் குழு, பள்ளிக்கூடப் பெற்றோர் குழு என்று ஒவ்வொன்றையும் நடத்துகிறவர்களுக்குப் போன் போட்டேன். சிலர் குழுவிலிருந்து அந்த வீடியோவை உடனே எடுத்துவிட்டார்கள். ஒருவர், "எல்லாரும் போட்டாவ, நானும் போட்டேன்" என்றார். "எல்லாரும் எடுத்தாச்சு, நீரும் எடும்" என்றேன். அது அப்போதைக்கு முழு உண்மை இல்லை. சாயங்காலத்துக்குள் ஏறக்குறைய உண்மையாகிவிட்டது. தேடி வந்த பையன்கள் திரும்பிப் போய்விட்டார்கள் என்று தகவல் வந்தது. எண்ணெய்க்காரர் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போனார்.

என் வீட்டில், "ஊரு பூரா பாத்தாச்சு. இனியாவது துணிக்கடையில எல் சைசுன்னு பொய் சொல்லாதீங்க" என்ற ஒரே வரியோடு விவகாரம் முடிந்தது. சாப்பாட்டில் வழக்கத்தைவிட ஒரு வடை கூட இருந்தது.

அந்த வீடியோ ஓடிய ஓட்டத்தை நாங்கள் யாருமே எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருஷம் காட்டிய அருவியெல்லாம் சேர்ந்தும் என் முதுகுக்கு ஈடாகவில்லை. நண்பர் கமெண்ட்டுகளைத் தினமும் கடைக்கு வந்து வாசித்துக் காட்டினார். எனக்கும் கசக்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் பல்பு வாங்குவதற்கு முன்னால் என் கையைக் குலுக்கினார்கள்.

சில நாள் கழித்து எண்ணெய்க்காரர் கடைக்கு வந்தார். சட்டை போட்டிருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை.

"அண்ணாச்சி, அந்த வீடியோவ எடுத்துருங்க."

"ஏன், நல்லாத்தான எழுதியிருக்காவ?"

"நல்லாத்தான் எழுதியிருக்காவ. நீங்க படுத்த பெஞ்ச வச்சு ஆளக் கண்டுபிடிச்சிட்டாவ. தெனமும் வந்து, அந்தப் பிள்ளையத் தூக்குனது நீங்கதானான்னு கேக்காவ. போட்டோ எடுக்காவ. ஒருத்தர் காலத் தொட்டுக் கும்பிடுதாரு. ஒருத்தர், நெசமாவே பிள்ள பிடிக்கலைலான்னு மறுபடியும் கேக்காரு. அன்னைக்கும் என்னயத்தான் தேடுனானுவ, இன்னைக்கும் என்னயத்தான் தேடுதாவ. நான் எண்ணெ தேய்க்கணும்லா."

நண்பர் கண்ணிலேயே கெஞ்சினார். "இது மாதிரி இன்னொண்ணு நமக்கு அமையாதுவே."

நண்பர் சொன்னதும் சரிதான். நான் பேசியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எடுத்த காரியமும் முடிந்திருந்தது. முடிந்த பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது எனக்காக மட்டும்தான். அழிக்கும் பொத்தானைத் தொட்டேன். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று போன் கேட்டது. இந்த மாதிரிக் கேள்விகளைப் பயந்தவனிடம் கேட்கக் கூடாது. நண்பர் முகத்தைப் பார்க்காமல் 'ஆம்' என்று அழுத்தினேன். எண்ணெய்க்காரர் வீட்டுக்கு ஒரு பல்பு வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் அருவிக்கரையில் நின்றிருந்தேன். விருதுநகரிலிருந்து வந்த ஒரு குடும்பம் என்னைச் சூழ்ந்துகொண்டது. "அண்ணே, உங்களுக்குத் தேய்ச்சுவிட்டாரே, அவர் எங்க இருக்காரு? ஒரு செல்பி எடுக்கணும்."

எங்களுக்குப் பக்கத்துப் பெஞ்சில்தான் அவர் குனிந்து ஒருவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு வெளியூர் போயிட்டாரு" என்றேன்.

"எந்த ஊருண்ணே?"

அதை நான் யோசித்து வைக்கவில்லை. துபாய், மஸ்கட் என்று உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, என் வாயில் வந்தது, "ஆலங்குளம்."

"இங்க பக்கம்தானே? ஆலங்குளத்துல எங்க?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்றேன். பக்கத்தில் அவர் நிமிரவில்லை. சிரிப்பை அடக்கியதில் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. "என்னப்பா, கை ஆடுது?" என்று முழங்கால்காரர் கேட்டார்.