செபமாலைமுத்துவின் நாற்பது லீற்றர்

செய்தி வந்தபோது பிற்பகல் மூன்று நாற்பது. நோர்பரியில் தன் குசினியில் இம்மாகுலேற் குழாயைத் திறந்துவிட்டு அரிசி கழுவிக்கொண்டு நின்றாள். தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். மறுமுனையில் அக்காவின் மகள் இசபெல்.

"சித்தி, அப்பா லோண்டறியில விழுந்திட்டாராம். ஹொஸ்பிற்றலுக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சுதாம்."

இம்மாகுலேற் முதலில் குழாயைப் பூட்டினாள். பிறகுதான் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. அத்தான் போய்விட்டார் என்று கேட்டதும் கை தன்பாட்டில் குழாயைத் தேடிப் போனதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் செபமாலைமுத்து அந்த இடத்தில் நின்றிருந்தால் அந்த ஒழுங்கைத்தான் மெச்சியிருப்பார். மற்றவர்கள் அழுவதைப் பற்றி அவர் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. குழாயைப் பற்றிச் சொல்லாமல் விட்ட நாள் இல்லை.

மன்னாரிலிருந்து எண்பத்தைந்தில் லண்டனுக்கு வந்த மனிதர். குரொய்டன் பக்கத்தில் ஒரு பெரிய லோண்டறியில் பன்னிரண்டு வருடம் வேலை. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் தோய்க்கும் ராட்சத மெசின்கள் அங்கே இரவுபகலாய்த் தண்ணீர் குடிக்கும். பகல் முழுக்க அதை ஆறாய் ஓடவிட்டு வருகிறவர், தோர்ண்டன் ஹீத்தில் வீட்டு வாசலை மிதித்ததும் ஆளே மாறிவிடுவார். பல் விளக்கும்போது குழாய் திறந்திருந்தால் கதவுக்கு வெளியே நின்று இருமுவார். ஒரு இருமல் போதாவிட்டால் இரண்டு. தோய்க்கிற மெசினை வீட்டுக்குள் எடுக்கவே மாட்டேன் என்றிருந்தார். "எட்டு மணித்தியாலம் அதுகளின்ர முகத்தில முழிக்கிறன். வீட்டிலயும் ஒண்டோ?" மனைவி அருள்மலர் ஏழு வருடமாய்க் கையால் தோய்த்தாள்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு வசந்தத்தில் அவர் ஒரு பழைய கரவனை வாங்கிக் கொண்டுவந்து வீட்டு முற்றத்தில் நிறுத்தினார். காரின் பின்னால் கொழுவி இழுக்கிற வீட்டு வண்டி. இரண்டு படுக்கை, ஒரு காஸ் அடுப்பு, காலால் மிதித்தால் தண்ணீர் வரும் ஒரு கழுவுதொட்டி, அலுமாரி அளவில் ஒரு கக்கூசு. வெளியே நிற்கும் வெள்ளைப் பீப்பாயில் நாற்பது லீற்றர் பிடிக்கும். கைபிடி போட்டு உருட்டிக்கொண்டும் போகலாம். ஆடி மாதம் நோர்போக் மாதா கோயில் திருநாளுக்குக் குடும்பத்தோடு போய், பக்கத்து வயலொன்றில் மூன்று நாள் தங்குவது அவருடைய திட்டம். வயலில் குழாய் இல்லை, கரண்ட் இல்லை. அதனால்தான் மலிவு.

"குழாய் இல்லாத வயலில என்னைக் கொண்டுபோய் விடப்போறியளோ?" என்றாள் அருள்மலர்.

"புத்தகத்தில போட்டிருக்கு. சிக்கனமாப் பாவிச்சா ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலரை லீற்றர் காணுமாம்."

"ஆரின்ர புத்தகம்?"

"லைப்ரரிப் புத்தகம். வெள்ளைக்காரன் அளந்து எழுதினது."

அருள்மலர் ஒரு கிழமை கழித்துத் தன் நிபந்தனையைச் சொன்னாள். திருநாளுக்கு முதல் ஒரு பரீட்சை. வெள்ளி பின்னேரம் ஆறு மணியிலிருந்து திங்கள் காலை எட்டு மணிவரை மூன்று பேர் முற்றத்தில் நிற்கும் கரவனுக்குள் இருக்க வேண்டும். வீடு பூட்டு. நாற்பது லீற்றரில் சமையல், குடிப்பு, கழுவல் எல்லாம். தண்ணீர் போதாமல் போனால் கரவனை விற்று அந்தக் காசில் தோய்க்கிற மெசின். மிஞ்சினால் கரவன் நிற்கும், அவளும் வாய் திறக்கமாட்டாள்.

இசபெல் அந்தச் சனி ஞாயிறு ஒரு சிநேகிதி வீட்டில் படிக்க வேண்டும் என்று திடீரென்று கண்டுபிடித்தாள். அதனால் மூன்றாவது ஆளும் நடுவரும் இம்மாகுலேற்தான். லூர்து யாத்திரை முடிந்து பஸ்ஸால் இறங்கி நேரே வந்தவள், உடுப்புப் பையோடும் மூன்று பிளாஸ்ரிக் கான் லூர்துத் தீர்த்தத்தோடும் கரவனுக்குள் ஏறினாள். கானுக்கு ஐந்து லீற்றர். இருபது வீட்டுக்குப் போத்தலில் பிரித்துக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தாள். கான்கள் படுக்கைக்குக் கீழே போயின. வீட்டுத் திறப்பு அவள் கழுத்துச் சங்கிலியில், சுரூபத்துக்குப் பக்கத்தில் தொங்கியது.

"எந்தத் தண்ணி கூடாது எண்டு இப்பவே சொல்லு. பிறகு மாத்தக்கூடாது" என்றார் செபமாலைமுத்து.

"வீட்டுத் தண்ணி கூடாது. அயலட்டைத் தண்ணி கூடாது. கடைத் தண்ணியும் கூடாது" என்றாள் நடுவர்.

"மழை பெய்தா?"

இம்மாகுலேற் யோசித்தாள். "அது ஆண்டவர் தாறது. ஏற்கலாம்."

அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். ஆனி மாதத்து வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

நடுவர் நேர்மையானவள் என்று சொல்ல முடியாது. அக்காவின் கைகள் வெடித்துக் கிடப்பதை ஏழு குளிர்காலம் பார்த்தவள், மெசின் வந்தாக வேண்டும் என்று வரும்போதே முடிவு கட்டியிருந்தாள். வெள்ளி இரவு அரிசியை நாலு தரம் கழுவினாள்.

"அரிசியைக் கழுவுறியோ, ஞானஸ்நானம் குடுக்கிறியோ?" என்றார் அவர். ஆனால் கழுவின தண்ணீரைக் கொட்டவிடவில்லை. முதல் தண்ணீர் வாளிக்குப் போனது. அடுத்த தண்ணீரில் சாப்பாட்டுக் கோப்பைகள் கழுவப்பட்டன. அதுவும் வடிகட்டப்பட்டு வெறும் லெமனேட் போத்தல்களில் அடைபட்டு, கக்கூசுக் கதவோரம் வரிசையாய் நின்றது.

ஏனென்றால் புத்தகத்தில் இருந்த பிழையை அவர் வெள்ளி இரவு பத்து மணிக்கே கண்டுபிடித்துவிட்டார். கடுதாசியால் துடைக்கிற சனத்துக்கு எழுதிய கணக்கு அது. கக்கூசுக்குப் போத்தலில் தண்ணீர் கொண்டுபோகிற சனத்தைப் பற்றி எழுதியவனுக்குத் தெரியாது. அரிசி கழுவுவதும் தெரியாது, சாப்பிட்டபின் கையையும் வாயையும் கழுவுவதும் தெரியாது. பீப்பாய்க்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, வெளிச்சத்தில் தெரிந்த தண்ணீர் மட்டத்துக்குப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு அவர் நெடுநேரம் எழும்பவில்லை.

சனிக்கிழமை சாப்பாட்டுக் கோப்பைகளுக்கு மேல் பேக்கிங் பேப்பர் விரித்துச் சாப்பாடு. புட்டு அவித்த பானையில் மிஞ்சிய தண்ணீரில் தேத்தண்ணி. அதில் புட்டு வாசம் அடித்தது. "வயலில இதைவிட நல்ல தேத்தண்ணி கிடைக்குமோ?" என்றார்.

பத்து மணிபோல் பக்கத்து வீட்டு மிசிஸ் பிறைஸ் ஒரு தட்டில் மூன்று கோப்பை தேநீரோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். வீடு வங்கிக்குப் போய்விட்டது என்று நினைத்துவிட்டாள் போல. கண் கலங்கியிருந்தது. அருள்மலரின் கை தானாக நீண்டது.

"அயலட்டைத் தண்ணி" என்றாள் நடுவர்.

"பாலும் இருக்குத்தானே" என்றாள் அருள்மலர்.

"முக்கால்வாசி தண்ணி, அக்கா."

செபமாலைமுத்து தேநீரை மரியாதையாய் மறுத்தார். வீடு பத்திரமாய் இருக்கிறது, திறப்பு மச்சாளின் கழுத்தில் இருக்கிறது என்று தன் ஆங்கிலத்தில் விளக்கினார். அதைக் கேட்டு மிசிஸ் பிறைஸின் முகம் இன்னும் கவலைப்பட்டது.

அன்று பின்னேரம் கரவன் படியில் இருந்துகொண்டு இம்மாகுலேற் கேட்டாள். "அத்தான், இந்தத் தகரப் பெட்டியில உங்களுக்கு என்ன இருக்கு? குடுத்திட்டு அக்காவுக்கு ஒரு மெசின் எடுத்தா என்ன?"

அவர் கதவுப் பிடியை ஒரு துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வந்த நாளில இருந்து வாடகை அறை, பிள்ளை. வீட்டுக்காரன் நினைச்ச நேரம் கதவைத் திறந்துகொண்டு வருவான். ஒருநாள் நான் உடுப்பு மாத்திக்கொண்டு நிக்கேக்க வந்து மீற்றர் பாத்தவன். இப்ப இருக்கிற வீடும் அவன்ர பேரிலதான். இது ஒண்டுதான் என்ர பேரில. இதுக்குள்ள வாறவன் தட்டிப்போட்டுத்தான் வரவேணும்."

சொல்லிவிட்டு எழும்பிப் போய்ப் பீப்பாய்க்குப் புதுக்கோடு போட்டார். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்ணீர் நின்றது. கணக்காய்ப் பிடித்தால் திங்கள்வரை இழுக்கலாம்.

இம்மாகுலேற்றுக்கு அன்று இரவு நித்திரை சரியாய் வரவில்லை. விடிந்தால் ஞாயிறு. தலை தோயாமல் அவள் ஒருநாளும் பூசைக்குப் போனதில்லை. அதுவும் ஒரு பகலும் இரவும் பஸ்ஸில் இருந்து வந்த தலை. நாலரை மணிக்கு நன்றாக வெளிச்சம் வந்தபோது குறுக்குக்கட்டோடு மெதுவாய் இறங்கினாள். கரவனுக்கும் வேலிச்செடிக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் இருந்தது. பீப்பாய் மூடியைத் திறந்தாள். ஒரு தகரப் பேணி மட்டும் என்று தலையில் ஊற்றினாள். பிறகு, அந்த வெட்கக்கேட்டை என்னவென்று சொல்ல, சம்பூ போட்டாள்.

சம்பூ போட்ட தலையைப் பாதியில் விட ஏலாது. நுரை கண்ணுக்குள் வர அவள் பேணி பேணியாய் அள்ளினாள். தெருவில் பால்வண்டி போனது. பால்காரர் வேலிக்கு மேலால் ஒருதரம் பார்த்து, "மோர்னிங்" என்று சொல்லிவிட்டு, போத்தல்களை வழமையைவிட மெதுவாய் வைத்துவிட்டுப் போனார். அவள் கண்ணைத் திறந்தபோது பேணி பீப்பாயின் அடியில் தட்டியது.

ஈரத்தோடு நின்று பென்சில் கோட்டைப் பார்த்தாள். தண்ணீர் அதற்குக் கீழே எங்கேயோ கிடந்தது. இரண்டு நாளாய் இதைத்தான் அவள் விரும்பினாள். மெசின் வந்தாயிற்று. ஆனால் நேற்றுக் கதவுப் பிடியைத் துடைத்த கை நினைவுக்கு வந்தது. கழுத்தில் திறப்பு இருந்தது. கதவைத் திறந்து குழாயில் பிடித்தால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் வீட்டுத் தண்ணீர் கூடாது என்று சொன்னவள் அவளேதான்.

அயலட்டைத் தண்ணீரும் கூடாது. கடைத் தண்ணீரும் கூடாது. ஆண்டவர் தருவதை ஏற்கலாம்.

படுக்கைக்குக் கீழிருந்து மூன்று கானையும் ஒவ்வொன்றாய் இழுத்தெடுத்தாள். "மாதாவே, வேற வழி தெரியேல்லை" என்று முணுமுணுத்துக்கொண்டு ஊற்றினாள். பதினைந்து லீற்றர். இருபது வீட்டின் முழங்கால் வலியும் பரீட்சைச் சித்தியும் விசாவும் கலகலவென்று பீப்பாய்க்குள் விழுந்தன.

ஏழு மணிக்குச் செபமாலைமுத்து முழங்காலில் நின்று மட்டம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார்.

"அருள், தண்ணி ஏறியிருக்கு."

அருள்மலர் குனிந்து பார்த்தாள். கோட்டுக்கு மேல் ஒரு விரற்கடை. "களவு. வீட்டில பிடிச்சிருக்கிறியள்."

"திறப்பு அவளின்ர கழுத்திலயெல்லோ."

அருள்மலர் தங்கையின் பக்கம் திரும்பினாள். "அந்தோனியார் அறியச் சொல்லு. வீட்டுத் தண்ணியோ?"

"அந்தோனியார் அறிய, வீட்டுத் தண்ணி ஒரு சொட்டும் இல்லை" என்றாள் இம்மாகுலேற். துவாய் சுற்றிய தலையை நிமிர்த்தியே வைத்திருந்தாள்.

அன்று முழுக்க அவள் தண்டனை அனுபவித்தாள். லூர்துத் தீர்த்தத்தில் பருப்பு அவிந்தது. மீன் கழுவப்பட்டது. பின்னேரம் அத்தான் ஒரு லெமனேட் போத்தலை நிரப்பிக்கொண்டு, சீட்டியடித்தபடி கக்கூசுப் பக்கம் போனபோது அவள் கண்ணை மூடிக் கையால் சிலுவை அடையாளம் போட்டாள்.

"என்ன, நெஞ்சுக்குத்தோ?" என்றார்.

"ஒண்டுமில்லை, போங்கோ."

திங்கள் காலை எட்டு மணிக்குப் பீப்பாயில் இரண்டு விரல் தண்ணீர் மிஞ்சியிருந்தது. கரவன் நின்றது. அருள்மலர் வாக்குத் தவறவில்லை. அந்த வருடம் நோர்போக் வயலில் மூன்று நாள் வாய் திறக்காமல் இருந்தாள். அடுத்த குளிர்காலம் செபமாலைமுத்துவே லோண்டறியில் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு சின்ன மெசினைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதன் கழிவுக் குழாயை வாளிக்குள் விட்டது அவர்தான்.

தீர்த்தக் கான்களை இம்மாகுலேற் தன் குசினிக் குழாயில் நிரப்பினாள். அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் இருபது போத்தல் பங்கிட்டாள். அதில் ஒன்றை வாங்கிய பியற்றிஸ் அக்காவுக்கு ஒரு கிழமையில் முழங்கால் மடங்கியது. சாட்சி சொல்லப் பங்குக் கூட்டத்தில் எழும்பினாள். இம்மாகுலேற் பின்வரிசை வாங்கில் இருந்து செருப்பைப் பார்த்தாள்.

சந்தேகம் வரக்கூடாது என்று ஒரு போத்தலை அத்தானிடமும் நீட்டினாள்.

"எனக்கேன் பிள்ளை?" என்றார் அவர், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "நாங்கள் மூண்டு பேரும் போதுமான அளவு குடிச்சுக் கழுவிப்போட்டம்."

அதற்குப் பிறகு ஐந்து வருடம் அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அருள்மலருக்கும் சொல்லவில்லை. இம்மாகுலேற் வீட்டுக்கு வரும்போது மட்டும் சிலவேளை கேட்பார். "பிள்ளை, தோஞ்சிட்டு வந்தனியோ?"

குளிர்காலத்துக்கு முன் கரவனில் தண்ணீர் நிற்கக்கூடாது. உறைந்தால் குழாய் வெடித்துவிடும். ஒவ்வொரு கார்த்திகையும் அவர் குழாயைக் கழற்றி, பீப்பாயை வடித்துக் கவிழ்ப்பார். தொண்ணூற்றேழில் குழாயைக் கழற்றிவிட்டு, பீப்பாயை உள்ளே உருட்டி வைத்து, வடிப்பதைச் சனிக்கிழமைக்கு என்று விட்டிருந்தார். வியாழன் விழுந்தார்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்ததும் அருள்மலர் சொன்னாள். "விக்கிற கதை ஒருத்தரும் கதைக்கப்படாது. அதை ஒருக்கா வடிச்சுவிடு, இம்மா. பனி கொட்டப் போகுது."

இம்மாகுலேற் முற்றத்துக்குப் போனாள். கரவன் கதவை முதலில் தட்டினாள். பிறகுதான் திறந்தாள். பீப்பாய் உள்ளே, கழுவுதொட்டிக்குக் கீழே இருந்தது. தொண்ணூற்றிரண்டின் சனிக்கிழமைக் கோடு அழியாமல் இருந்தது. அதற்கு ஒரு விரற்கடை மேலே இன்னொரு கோடு. அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னச் சிலுவை.

மூடியைத் திறந்து, அத்தான் கடைசியாய் விட்டுப்போன தண்ணீரைப் பார்த்தாள். மூடினாள். இரண்டு கையாலும் பீப்பாயைச் சரித்து, கதவுவரை உருட்டி, திரும்பவும் நிமிர்த்தி வைத்தாள்.

தை பிறந்துவிட்டது. பீப்பாயில் இரண்டு விரல் தண்ணீர் இன்னும் வடிக்கப்படாமல் இருக்கிறது.