திறக்காத மூடிக்கு ஒரு டிக்

எங்கள் தெருவில் அவரை எல்லோரும் கோல்காரர் என்றே கூப்பிட்டோம். சொந்தப் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளப் பத்து வருடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

பதினெட்டு வீடு, வீட்டுக்கு ஒரு செப்டிக் டேங்க். கசடு தொட்டியிலேயே தங்க வேண்டும், தெளிந்த நீர் மட்டும் தெருவின் பொதுக்குழாய்க்குப் போக வேண்டும். குழாய் ஒல்லி. அதனால் ஒவ்வொரு தொட்டியின் வாயிலும் ஒரு ஃபில்டர் காவல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோல்காரர் வருவார். வெள்ளைத் துணி சுற்றிய நீளக் கோலை உள்ளே இறக்கி எடுத்து, கறுப்பு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று அளப்பார். ஃபில்டரை உருவிக் கழுவி மாட்டுவார். நோட்டில் ஒரு டிக். மற்றவர்கள் படாரென்று ஜன்னலைச் சாத்துவார்கள்.

"எல்லாம் நீங்க குடுத்ததுதானே!" என்று சிரிப்பார்.

நான் மட்டும் வெளியே நின்று பேச்சுக் கொடுப்பேன். அதனால் அவர் வாயில் மற்றவர்கள் எல்லோரும் சார், நான் மட்டும் அண்ணே. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மகளின் வருங்கால மாமியார் வீட்டார் முதன்முதலாக வந்த காலையில், கழிவறையில் தண்ணீர் இறங்காமல் நின்றது. ஃபில்டர் அடைப்பு. கழுவி மாட்டப் பத்து நிமிடம் போதும். நானோ மூக்கைப் பொத்திக்கொண்டு அதை உருவிப் பின்சுவரோரம் போட்டு, வாளியைக் கவிழ்த்து மூடினேன். தண்ணீர் மடமடவென்று போனது. அப்புறம் மறந்துவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. மறக்கவில்லை. அது இல்லாமல் சுகமாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த முறை கோல்காரரை வாசலிலேயே மடக்கினேன். "நேத்துதான் நானே கழுவி மாட்டினேன். திறக்க வேண்டாம்ப்பா."

"அண்ணே சொன்னா சரிதான்," என்று டிக் போட்டார்.

ஒரே மாதம். தெருவின் தாழ்ந்த கோடியில் இருக்கும் தையல்காரர் வீட்டில், குளியலறை வழியாகச் சாக்கடை பொங்கிச் சமையலறை வரை வந்துவிட்டது. கோல்காரர் தெருக்குழாயின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே மேலே வந்தார். என் வீட்டுக்குக் கீழ்ப்பக்க மூடியில் கட்டி கட்டியாகக் கசடு. மேல்பக்க மூடியில் தெளிந்த நீர். இரண்டுக்கும் நடுவில் நின்று என் கேட்டைப் பார்த்தார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தேன்.

அன்று சாயங்காலம் தெருச் சங்கக் கூட்டம். செயலாளர் நோட்டைத் தட்டினார்.

"பதினெட்டுக்கும் டிக் போட்டிருக்க. அப்புறம் எப்படிய்யா கசடு வந்துச்சு?"

"ஒரு வீட்டுல திறந்து பாக்காம போட்டுட்டேன் சார். தப்பு என்னோடதுதான்."

"எந்த வீடு?"

"அதை விடுங்க சார்."

நான்தான் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். பெண் கொடுக்கப் போகிற இடத்துக்கு விஷயம் போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரை வேலையை விட்டு நிறுத்தச் சம்மதிக்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் உயர்ந்தது. என் கையும்.

மறுநாள் காலை, நோட்டை ஒப்படைக்கப் போகிற வழியில் அவர் என் கேட்டருகே நின்றார். "நேத்து வந்து..." என்று இழுத்தேன்.

"ஃபில்டரை இன்னிக்கே மாட்டிடுங்க. தையல்காரர் வீட்டுல குழந்தை தவழுது, சார்."

தலையாட்டினேன். அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது, அவர் என்னைச் சார் என்று கூப்பிட்டிருந்தார்.