கதவு வைத்த டிவி

ஒரு பூண்டு உருளாமல் நின்றதால் எங்கள் தாய்மாமா திருடன் ஆனார். இதை எந்த ஊரில் சொன்னாலும் சிரிக்கிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் என்னோடு பிசிறு வெட்டிய பெண்கள் சிரித்தார்கள். கொச்சியில் இறால் உரிக்கிற கொட்டகையில் எனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில் சொல்லிப் பார்த்தேன், அங்கேயும் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

அப்போது அவனியாபுரத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பா மூன்று சக்கர வண்டியில் தெருத்தெருவாகப் போய்ப் பழைய இரும்பும் பேப்பரும் எடுப்பார். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு மூன்று. எனக்கு அதுவரை காது குத்தவில்லை. ஒரு பையன் பிறக்கட்டும், இரண்டு பேருக்கும் ஒரே பந்தியில் முடித்துவிடலாம் என்று வீட்டில் காத்திருந்தார்கள். அவன் சாவகாசமாகப் பிறந்தான். பள்ளிக்கூடத்தில் என்னை மூளிக்காது என்றுதான் கூப்பிடுவார்கள். வாத்தியாரும் ஒருமுறை வாய் தவறிக் கூப்பிட்டிருக்கிறார்.

கடைசியில் அந்த வைகாசியில் வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் குலசாமி கோயிலில் காதுகுத்து என்று முடிவாகியிருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், காதில் போடுவதும் அவர் சீர்தான். எனக்குத் தோடும் தம்பிக்குக் கடுக்கனும் மாமா முன்கூட்டியே வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டார். கையில் பணத்தை வைத்திருந்தால் செலவழித்துவிடுவோம் என்று அவருக்கே அவர்மேல் சந்தேகம்.

மாமா அம்மாவுக்கு இளையவர். பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். அரசாங்கம் வீட்டுக்கு வீடு இலவசமாகக் கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அதனால் பழசைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். அவர் கடையில் உட்கார்ந்து பெரும்பாலும் பேப்பர் படித்தார்.

சோழவந்தானில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். ஜன்னல் கம்பி எடுக்கப் போன அப்பா, குட்டியானை வண்டியில் ஒரு டிவியோடு வந்து இறங்கினார். எங்கள் வீட்டில் அதுவரை இருந்த எந்தச் சாமானைவிடவும் அது அழகாக இருந்தது. நான்கு மரக்கால், முன்னால் பூட்டுப் போட்ட இரண்டு மரக் கதவு. கதவைத் திறந்தால் ஓரமெல்லாம் வளைந்த கண்ணாடி. அந்த வீட்டுக்காரர் மலேயாவில் சம்பாதித்துத் திரும்பி வந்தபோது கப்பலில் கொண்டுவந்தாராம். கொண்டுவந்த பிறகுதான் இந்தப் பக்கம் டிவிக்கு ஸ்டேஷனே கிடையாது என்று தெரிந்திருக்கிறது. அதனால் கூடத்தில் வைத்து, வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். சந்தனம் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து ஏடு ஏடாக இருந்தது.

"இம்புட்டு வருசமா ஒரு படமும் காட்டாமயே சாமியாயிருச்சு பாருங்க" என்று மாமா கண்ணாடியைத் தடவினார். இரண்டு நாள் கொடுத்தால் ஓட வைத்துவிடுவேன் என்றார். ஓடவைத்து என்ன செய்வது, எடைக்குத்தானே போடப்போகிறோம் என்றார் அப்பா.

அந்த வாரமே இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். வெள்ளைச் சட்டை, கையில் ரெக்ஸின் பை. ஒருவர்தான் பேசினார். மற்றவர் தெருவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அண்ணே, கதவு வச்ச டிவி உங்கட்ட இருக்காம்ல?"

யார் சொன்னது என்று அப்பா கேட்டார். அதற்குள் இரண்டு பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். பேசுகிறவர் வாசல் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அந்தக் காலத்து டிவிகளில் சிவப்புப் பாதரசம் என்று ஒன்று இருக்குமாம். வெளிநாட்டில் அதற்கு விலையே சொல்ல முடியாதாம். பூண்டு வாடை அதற்கு ஆகாது, பக்கத்தில் கொண்டுபோனால் தள்ளிவிடும் என்றார். பையிலிருந்து ஓர் ஒற்றைப் பூண்டை எடுத்தார். கோலிக்குண்டு மாதிரி இருந்தது. டிவி தலைமேல் நடுவில் வைத்தார். பூண்டு மெதுவாக நகர்ந்து, வேகம் பிடித்து, ஓரத்துக்கு ஓடிக் கீழே விழுந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு வேர்த்துவிட்டது.

"சரக்கு இருக்குண்ணே. ஆனா டிவி ஓடணும். செத்த டிவில அதுவும் செத்துப்போயிரும். ஓட வச்சு வைங்க, வெள்ளிக்கிழமை வாரோம். தங்கம் கொஞ்சம் எடுத்து வைங்க. தங்கத்தோட சேத்துக் கட்டித்தான் கொண்டுபோகணும், இல்லாட்டி வழியில ஆவியாயிரும். பார்ட்டிகிட்ட காட்டிட்டு ரெண்டையும் சேத்துக் கொண்டாந்து தந்துருவோம்."

எங்கள் வீட்டில் இருந்த தங்கம் அம்மாவின் தாலிச் செயின், என் தோடு, தம்பியின் கடுக்கன். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அப்பா வண்டியை எடுக்கவில்லை. டிவியின்மேல் அம்மாவின் பழைய சேலையைப் போர்த்தினார். பால்காரர் வாசலில் கொஞ்சம் கூடுதலாக நின்றால் ஏன் நிற்கிறார் என்றார். பக்கத்து வீட்டு அக்கா சர்க்கரை கேட்டு வந்ததும் உளவு பார்க்கத்தான் என்றார். அம்மா ஒரே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"அவய்ங்க மொகரையே சரியில்லைங்க. அது சும்மா ஏமாத்து வேலை."

"ஒந்தம்பி சொல்லிக் குடுத்தானா?"

டிவியை ஓட வைக்க மாமாவை விட்டால் ஆள் கிடையாது. விஷயத்தைக் கேட்டதும் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அதுதான் வினையாகிவிட்டது. "உள்ள பல்லி முட்டதான் மச்சான் இருக்கும்" என்று அவர் சொல்லிவிட்டுப் போன பிறகு, ஒன்றும் இல்லை என்று சொல்கிறவனைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்று அப்பா முடிவெடுத்தார். என்னைக் காவல் வைத்தார். மாமாவுடைய கையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது.

"அவளுக்குப் பள்ளிக்கூடம்?" என்றாள் அம்மா.

"ஒரு வாரம் போகலைனா கலெக்டர் வேலை கையவிட்டுப் போயிராது."

பள்ளிக்கூடம் போகாமலும் பொழுது போகும் என்று எனக்குத் தெரிந்தது அந்த வாரம்தான்.

மாமா பின்பலகையைக் கழற்றினார். பல்லி முட்டை நிஜமாகவே இருந்தது. ஒரு குளவிக்கூடும், பொடிப்பொடியான கரப்பான் இறக்கைகளும் இருந்தன. பெயின்ட் பிரஷால் தூசியைத் தட்டினார். உள்ளே சின்னச் சின்னக் கண்ணாடிக் குடுவைகள் வரிசையாக நின்றன. அவற்றை வால்வு என்றார். ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கால்களைத் தேய்த்து, பிடுங்கிய இடத்திலேயே செருகினார். ஒவ்வொரு தடவையும் நான் எண்ணிப் பார்த்துக்கொண்டேன். மெழுகு ஒழுகிப்போன பழைய கன்டென்சர்களை வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு வைத்துப் பற்றவைத்தார். வெட்டிப் போட்டதை அப்பா ஒரு பிளாஸ்டிக் பையில் பொறுக்கி வைத்துக்கொண்டார். ஒரு வால்வு வேலை செய்யவில்லை. அதற்குப் பதில் தேடிப் பழைய சாமான் சந்தைக்கு மாமா போனபோது அப்பாவும் கூடவே போனார். மாமா ஒன்றுக்குப் போகிற இடத்துக்கும் போனாராம்.

சாயங்காலம் கிளம்பும்போது மாமாவின் தூக்குவாளியை அப்பா வாங்கி, மூடியைத் திறந்து, "மீன் கொழம்பா மாப்ள?" என்று மோந்து பார்ப்பார். வாசல்வரை தோளில் கைபோட்டுக் கூட்டிப்போவார். கை தோளிலிருந்து சட்டைப்பைக்கு இறங்கும். மறுநாள் மாமா வந்ததும் சட்டையைக் கழற்றி அப்பா கையிலேயே கொடுத்தார்.

"இந்தாங்க மச்சான், நீங்களே வச்சுக்கங்க. கைலி மட்டும் இருக்கட்டும், அக்கா இருக்கு."

அம்மா அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா என்று தெரியவில்லை.

ஒரேயடியாகக் கரண்ட் கொடுத்தால் கிழவன் தாங்க மாட்டான் என்று மாமா நடுவில் ஒரு குண்டு பல்பைக் கோத்து, அதன் வழியாகக் கொடுத்தார். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கியது. வால்வுகளுக்குள் ஆரஞ்சு நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தணல் மாதிரி கண் விழித்தது. தூசி சூடாகிற வாடை வந்தது. மொட்டை மாடிக் கம்பத்தில் ஆன்டெனாக் கம்பியைக் கட்டி, டிவி டவர் இருக்கிற கொடைக்கானல் பக்கமாகத் திருப்பியிருந்தார். முதலில் ஒரு கோடு, பிறகு கண்ணாடி முழுக்க வெளிச்சம், பிறகு மேலும் கீழும் ஓடுகிற நிழல். மாமா ஒரு குமிழைத் தொட்டதும் நிழல் நின்றது. ஓர் ஆள் நெற்பயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பூச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். முகத்தில் சந்தனக் கறை. மாமா அதைத் துடைக்கவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாயைத் திறந்துகொண்டு அந்தப் பூச்சிப் பேச்சை முழுசாகக் கேட்டார்.

அப்பா படத்தைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அந்த ஆட்களுக்குப் போன் செய்யத் தெருவுக்குப் போனார்.

அந்த இடைவெளியில் மாமா அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்கப் போனார். அம்மாவும் அவரும் ஏதோ மெதுவாகப் பேசினார்கள். திரும்பி வரும்போது அவர் கையில் மடித்த அட்டைத் துண்டு இருந்தது. டிவியின் ஒரு காலைத் தூக்கி அடியில் சொருகினார். தண்ணீர் டம்ளரை டிவி தலைமேல் வைத்துக் குனிந்து பார்த்து, இன்னொரு மடிப்பு மடித்துச் சொருகினார். அட்டையின் ஓரத்தில் மயில்தோகை அச்சடித்திருந்தது. எதையும் எடுக்கவில்லை, உள்ளே கையே விடவில்லை. காவல்காரியாக எனக்குத் திருப்தி.

வெள்ளிக்கிழமை காலையில், அவர்கள் வருவதற்கு முன்னால், அப்பா தானே ஓர் ஒற்றைப் பூண்டை வைத்துப் பார்த்தார். மடியில் கைக்குட்டையில் முடிந்த தங்கம் தயாராக இருந்தது. பூண்டு அசையவில்லை. விரலால் தள்ளினார். கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டது. வேறு பூண்டு மாற்றினார். அதுவும் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிட்டது.

"ஏத்தா, மாமா எதை எடுத்தான்?"

"எதையும் எடுக்கலப்பா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. கடைசியா என்ன செஞ்சான்?"

"கடைசியாக் காலுக்கு அடியில..."

"ஏய், ஓடிப்போயி ஒரு தீப்பெட்டி வாங்கிட்டு வா" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. காசு வாங்கப் போனபோது பார்த்தேன், அடுப்புத் திண்டில் புதுத் தீப்பெட்டி இருந்தது. இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா பார்த்த பார்வையில் ஓடிவிட்டேன்.

நான் திரும்பி வருவதற்குள் அப்பா பஸ் ஸ்டாப்பில் மாமா கடை முன்னால் கூட்டம் கூட்டிவிட்டார். ஷேர் ஆட்டோக்காரர்கள் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். மாமா கையில் ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலோடு நின்றார். பூண்டு ஏன் உருளவில்லை என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் மாமா சூட்டுக்கோலைக் கீழே வைத்தார்.

"நான் எடுத்ததாவே இருக்கட்டும் மச்சான். வீட்டுக்குப் போங்க."

வீட்டு வாசலில் அந்த இரண்டு பேரும் காத்திருந்தார்கள். விஷயத்தைக் கேட்டு அவர்கள் பதறவில்லை. அடியில் மிச்சம் ஒட்டியிருக்கும், தங்கத்தைக் கொடுங்கள், பார்த்துவிடலாம் என்றார் பேசுகிறவர். அப்பா மடியைக் கையால் பொத்திக்கொண்டார்.

"நேத்து இருந்துச்சு, இன்னைக்குப் போச்சுங்கிறேன். ஒங்களுக்குப் பதட்டமே இல்லையே, எப்புடி? நீங்களும் அவனும் கூட்டாளிகளாடா?"

இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு பைக்கைத் துரத்தினார். அவர்கள் பிறகு வரவில்லை. கொஞ்ச நாளில் வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் பங்காளி வீடு ஒன்றில் இதே மாதிரி பையோடு இரண்டு பேர் வந்து, தங்கத்தோடு போனவர்கள் போனதுதான் என்று கேள்விப்பட்டோம். அதைக் கேட்டும் அப்பா, "அவய்ங்க வீட்டுலயாவது சரக்கு இருந்துருக்கு" என்றார்.

டிவியைச் சுத்தியலால் உடைத்து ஒவ்வொரு வால்வாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு செம்பு தனி, இரும்பு தனியாக எடைக்குப் போட்டார். மரக் கதவு இரண்டும் ரொம்ப நாள் எங்கள் வீட்டில் கோழிக்கூண்டுக்கு இருந்தன. மாமா கடையை மூடிவிட்டுக் கோயம்புத்தூர் போனார். இப்போதும் அவர் அம்மாவுக்கு மத்தியானத்தில்தான் போன் செய்கிறார், அப்பா வெளியே போயிருக்கிற நேரமாகப் பார்த்து.

வைகாசியில் காதுகுத்து நடந்தது. மாமாவுக்குச் சொல்லவில்லை. மாமன் முறை ஆகிற ஒருவரை அப்பா எங்கிருந்தோ கூட்டிவந்தார். அவர்மேல் மூக்குப்பொடி வாடை அடித்தது. அந்த மடியில் உட்கார மாட்டேன் என்று நான் அழுதேன், வலிக்குப் பயந்து அழுகிறேன் என்றார்கள். காதில் ஏறியது மட்டும் மாமா வாங்கிய தோடு.

அன்று காலையில் கோயிலுக்குக் கிளம்பும்போது அம்மா டிரங்குப் பெட்டிக்குள்ளிருந்து தன் கல்யாணப் பட்டை எடுத்தாள். அவளுக்கு இருந்தது அந்த ஒரு பட்டுதான். மயில் படம் போட்ட கடை அட்டைப்பெட்டியில், அந்துருண்டை போட்டு, யாரையும் தொடவிடாமல் வைத்திருப்பாள். அன்றைக்குப் பெட்டிக்கு மூடி இல்லை. சேலை திறந்து கிடந்தது.

"மூடி எங்கம்மா?" என்றேன்.

"எலி கடிச்சிருச்சு" என்றாள், என்னைப் பார்க்காமல்.

ஒரு துணுக்குக்கூட மிச்சம் வைக்காமல் மூடி முழுவதையும் தின்ற அந்த எலிமேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் அதைத்தான் திட்டிக்கொண்டே போனேன்.