ஆறு வந்தால் பாடலாம்

சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு பராத் அலி கடையை விட்டு வெளியே ஓடினார். பாதி அடித்த செம்புத் தட்டு உருண்டு வாசலில் விழுந்து சுழன்றது. செம்புக்கடைத் தெருவில் மற்றச் சுத்தியல்கள் ஒவ்வொன்றாக நின்றன.

“என்ன உஸ்தா, வீட்ல தீயா?”

“ஆறு வருது! மர்னான் பாலத்தைத் தாண்டிடுச்சாம். மச்சான் இப்பதான் போன் பண்ணினான்.”

“அய்யோ, அப்ப இன்னிக்கு நீங்க பாடுவீங்களே!” என்றார் எதிர்க்கடைக்காரர். “காஜு பாலம் தாங்குமா?”

தெருவே சிரித்தது. பராத் அலியும் சிரித்தபடி ஓடினார். ஐம்பத்தொரு வயது. ஒரு காலில் செருப்பு இல்லை.

இந்தக் கேலிக்குக் காரணம் நாலு வருஷம் முன்பு நடந்தது. காஜு பாலத்தின் வளைவுகளுக்குக் கீழே சாயங்காலம் ஆண்கள் கூடிப் பாடுவார்கள். யாரும் பாடலாம். கேட்பவர்களில் மூன்று பேர் இருமினால் நிறுத்திவிட வேண்டும். அவ்வளவுதான் சட்டம். முப்பது சுத்தியல்களுக்கு நடுவே வளர்ந்த குரல் பராத் அலியுடையது. ஒருநாள் அவரும் பாடிப் பார்த்தார். இரண்டாம் அடிக்கே ஹாஜி ஸெய்னல் இருமினார். பின்னால் இன்னும் இருவர். ஹாஜி பழைய தையல்காரர், அந்தக் கூட்டத்துக்குப் பெரியவர்.

“உஸ்தா, இது செம்புக்கடை இல்ல. ஆத்துல தண்ணி வர்ற அன்னிக்கு வா. அன்னிக்குப் பாடலாம்.”

இஸ்பஹானில் அப்போதே ஜாயந்தே ஆறு வெறும் மணல். பையன்கள் அதில் பந்து விளையாடினார்கள். அன்னப்பறவைப் படகுகள் மணலில் சாய்ந்து கிடந்தன. அதற்குப் பிறகும் பராத் அலி வாராவாரம் வியாழக்கிழமை போனார். முந்நூற்றெழுபது வருஷத்துக்கு முன் எவனோ ஒரு கொத்தன் தன் குறியை வெட்டிவைத்த கல்லில் சாய்ந்து உட்கார்ந்தார். மற்றவர்களுக்கு ‘பலே’ சொன்னார். வாய் திறந்து பாடவில்லை.

இன்று கடைத்தெருவை ஒட்டிய பழைய அரண்மனை மைதானத்தைக் குறுக்கே கடந்தார். கடைத்தெருவின் கைஸரிய்யா வாசல் மாடத்தில் ஒரு காலத்தில் அரசனின் முரசுகள் அதிரும். அந்த முரசுகளை விடத் தங்கள் தெருவின் கொட்டுதான் மூத்தது என்பார் பராத் அலியின் அப்பா. அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது.

சாஹார் பாக் தெருவில் மச்சான் ஹெஷ்மத் மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்தான். ஏறிக்கொண்டார். முப்பத்து மூன்று வளைவுப் பாலத்தருகே வண்டி நகரவில்லை. ஊரே அங்கே இருந்தது. ஹாரன் அடித்தார்கள். முகம் தெரியாதவர்கள் வாயில் மிட்டாய் ஊட்டினார்கள்.

“எறங்கு மச்சான், ஆத்துக்குள்ளயே நடப்போம்,” என்றார்.

தண்ணீர் நடக்கிற வேகத்தில்தான் வந்தது. உள்ளங்கை உயரம். தூசியையும் சருகையும் சிகரெட் துண்டுகளையும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. ஜனங்கள் அதன் முகத்தைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தார்கள். ஒரு அன்னப்படகு அசைந்தது. அதற்கே கைதட்டினார்கள். பராத் அலி எல்லோரையும் முந்தி ஓடினார். வேறு யாராவது முதலில் தொண்டையைத் திறந்துவிட்டால்?

காஜுவின் நடு வளைவில் ஹாஜி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

“ஹாஜி, ஆறு வந்தாச்சு.”

“எங்கய்யா ஆறு? கொழாய் ஒழுகுனாப்பல இருக்கு. மொதப் படியத் தொடட்டும்.”

“சொன்ன வார்த்தை சொன்னதுதானே?”

“சொன்னப்ப இது வரும்னு எவன் கண்டான்!”

கூட்டம் சிரித்தது. அதற்குள் தண்ணீர் மதகுகளில் நுழைந்தது. கல்லிலிருந்து கல்லுக்கு விழுந்தது. முதல் படி நனைந்தது. மேலே, கீழே, அரசன் உட்கார்ந்து ஆறு பார்த்த நடு மண்டபத்தில், எங்கும் கூச்சல்.

ஹாஜி கையை விரித்தார். “பாடு. ஆனா இருமறது என் உரிமை.”

பராத் அலி கல்லில் கை ஊன்றி ஆரம்பித்தார். பிரிந்துபோனவள் திரும்பி வரும் பாட்டு. இரண்டாம் அடியில் ஹாஜியின் தோள் குலுங்கியது. பக்கத்தில் இன்னும் இரண்டு தோள்கள். இருமுகிறார்கள். தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. பராத் அலி பார்த்தார். சிரிப்பு வந்து சுருதி ஒரு நொடி நழுவியது. பிடித்துக்கொண்டார். அடுத்த வளைவிலிருந்தும் அதற்கடுத்த வளைவிலிருந்தும் கைத்தாளம் வந்தது. ஹாஜி மறுபடி இருமினார். பிறகு இருமுவதைக் கைவிட்டார். கடைசி அடியைக் கூட்டமே எடுத்துக்கொண்டது.

ஹாஜி எழுந்து வந்து அவர் காதுக்குள் கத்தினார்:

“பாட்டு படுமோசம்! ஆனா இன்னிக்கு என் காதுல விழுந்தது உன் பாட்டு ஒண்ணுதான். இன்னொண்ணு பாடு!”

பாடினார். ஐந்து பாட்டு.

மறுநாள் பராத் அலிக்குக் குரல் இல்லை. மனைவி தல்அத் வெந்நீரில் குங்குமப்பூக் கற்கண்டு கரைத்துக் கொடுத்தாள். எட்டரைக்குக் கடை திறந்தார். மதியம் வரை இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் கெண்டி வாங்கினார். சாயங்காலம் பாலத்துக்குப் போனார். தண்ணீர் இரண்டாம் படியில் இருந்தது. மூன்று பேர் பாடினார்கள், தண்ணீர் இரைச்சலில் கேட்கவில்லை. ஹாஜி எல்லோரையும் மேல்தளத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே காற்று அதிகமாக இருந்தது, அங்கும் கேட்கவில்லை. ஏழரைக்குக் கலைந்தார்கள்.