அஸ்லத்தின் திகதிக் கட்டம்

"வியாழன், அஸர் தொழுகைக்குப் பின். ஜெமீலா ராத்தா வந்தார். மகனின் பெயரைப் போடலாம், திகதியைப் போடக் கூடாது என்கிறார்."

கடந்த டிசம்பரில் என் டயரியில் எழுதிய குறிப்பு இது.

சுனாமியில் எங்கள் சாய்ந்தமருதில் மௌத்தானவர்கள், காணாமல் போனவர்கள் விபரங்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்து வருகிறேன். ஒவ்வொரு டிசம்பர் இருபத்தாறும் எங்கள் பள்ளிவாசலில் அந்தப் பட்டியலை வாசித்து, அவர்களுக்காக இறைவனிடம் துஆ கேட்பார்கள்.

ராத்தா என்று நான் கூப்பிடும் அந்த மூத்த அக்காவின் மகன் அஸ்லம் கிடைக்கவே இல்லை. ஆனால் சுனாமி வந்த அன்று பின்நேரம் மாவடிப்பள்ளிப் பாலத்தடியில் அவனைக் கண்டதாக யாரோ சொல்லிவிட்டார்கள்... அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டார்.

புரோகிராமுக்கு இதெல்லாம் விளங்குமா? மௌத்தான திகதி, அதாவது இறந்த நாள், இல்லாவிட்டால் பதிவைச் சேமிக்காது. அந்தக் கட்டத்துக்கு 'கட்டாயம்' என்று உள்ளே ஒரு லேபல் ஒட்டியிருக்கிறதாம். எழுதிய தம்பி கத்தாருக்குப் போய்விட்டார். புரோகிராமின் மூல நிரலும் அவரோடு போய்விட்டது.

நல்லவேளை, என் தங்கையின் மகள் ஷிஃப்னா லீவில் வந்திருந்தாள். கொழும்பில் சாஃப்ட்வேர் வேலை.

"ஓடுற புரோகிராமுக்குள்ள பூந்து லேபல மட்டும் மாத்தலாம் மாமா. ரிஃப்ளெக்ஷன் எண்டு சொல்லுற. ஆனா நிப்பாட்டித் திரும்பப் போட்டா பழைய லேபல்தான் வரும்."

"அப்ப நிப்பாட்டாம வெச்சிரு மகள்" என்றார் ராத்தா. "என்ட ஃப்ரிஜ்ஜ நான் நிப்பாட்டுறனா?"

சிரித்தோம். ஷிஃப்னா மாற்றினாள். அஸ்லத்தின் பதிவு, திகதிக் கட்டம் வெறுமையாகவே, உள்ளே போனது. ராத்தா திரையில் அந்தப் பெயரை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

துஆவுக்கு முந்திய நாள் மழை. கரண்ட் போனது. வந்ததும் மெஷினைப் போட்டுப் பட்டியலை அச்சடித்துக் கொடுத்தேன். சேமித்த பதிவு எங்கே போகும்?

எங்கேயும் போகவில்லைதான். ஆனால் 'கட்டாயம்' திரும்ப வந்திருந்தது. திகதி இல்லாத பதிவைக் குறைப் பதிவு என்று கணக்கெடுத்து, புரோகிராம் அச்சடிக்கும்போது ஓசையில்லாமல் தாண்டிப் போயிருந்தது. மேலே ஒட்டியதை மாற்றிவிட்டு எல்லாம் மாறிவிட்டதாக நாம் நம்பிக்கொள்கிறோம் — ஒரு கரண்ட் கட் வரும் வரைக்கும்.

மறுநாள் பள்ளிவாசலில் பட்டியலை வாசித்தபோது, பெண்கள் பக்கத்தில் இருந்து ராத்தா கடைசிப் பெயர் வரை கேட்டிருக்கிறார். வெளியே என்னை மறித்தார்.

"என்ட புள்ளைக்கு துஆவிலயும் எடமில்லையா தம்பி?"

"கரண்ட் போனதால வந்த பிழை ராத்தா. ஷிஃப்னா திரும்ப மாத்தித் தருவா."

"வேணாம். திகதியப் போடுங்க. மறுகா என்ன செய்யிற... பேராவது வரட்டும்."

எத்தனையோ வருடமாக அந்தத் திகதியைக் கேட்டு அவரை நச்சரித்தவன் நான். இப்போது அவரே தந்துவிட்டார். வீட்டுக்கு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். கர்சர் அந்தக் கட்டத்தில் மின்னிக்கொண்டே இருந்தது. என்னால் டைப் பண்ண முடியவில்லை.

அச்சடித்த பட்டியலின் அடியில் அஸ்லத்தின் பெயரைப் பேனாவால் எழுதி வைத்தேன்.

பாலத்தடியில் அவனைக் கண்டதாகச் சொன்னவர் இப்போது பொத்துவிலில் இருக்கிறாராம். உறுதிப்படுத்தப்படாத தகவல்.