நீலக் கார்ப்பெட்டில் நின்ற அண்ணன்

பள்ளியிலிருந்து நேற்று மறுபடியும் கூப்பிட்டார்கள். என் மகன் பாயில் உட்காருவதில்லையாம். மற்றப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கதை கேட்கும்போது இவன் மட்டும் எழுந்து ஜன்னலுக்கும் கதவுக்குமாக ஓடுகிறானாம். வீட்டில் கொஞ்சம் பழக்குங்கள் என்றார் டீச்சர். சொன்னதைச் செய்கிற ஆள் நான். அன்று மாலையே, இப்போது நாங்கள் குடியிருக்கும் முவைலாவில், எங்கள் வீட்டு ஹாலில் ஒரு பாயை விரித்து, ஐந்து வயதுக்காரனை அதில் உட்காரவைத்து, எதிரே நானும் உட்கார்ந்தேன். அடுப்பில் பருப்பு பாதி வெந்து கிடந்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, அவன் கால் பாயைத் தாண்டி வெளியே வந்தது. என் வலது கை தானாக மேலே போயிற்று.

எதற்குத் தூக்கினேன் என்று அவனுக்கும் புரியவில்லை. "என்னம்மா?" என்றான். நான் கையை இறக்கிக்கொண்டேன். இருபது வருஷமாகத் தூக்காத கை அது.

அப்போது நாங்கள் பஹ்ரைனில், ஈசா டவுனில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. அப்பா ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அவருடைய மேனேஜர் அமெரிக்கர். வெள்ளிக்கிழமை காலைகளில், கம்பெனிக் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த புல்தரையில், அவர் பையன்களுக்குத் தன் ஊர் ஃபுட்பால் சொல்லிக்கொடுத்தார். பெயர்தான் ஃபுட்பால். ஆனால் கையால் எறிந்து கையால் பிடிக்கும் ஆட்டம். பந்தும் உருண்டை இல்லை, பெரிய பேரீச்சங்கொட்டை மாதிரி நீளமாக இருக்கும். ஆளை இடித்துத் தள்ளக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு பையனின் இடுப்பிலும் இரண்டு ரிப்பன்கள் தொங்கும். பந்து வைத்திருப்பவனின் ரிப்பனை எதிராளி உருவிவிட்டால் விசில் ஊதி ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் பந்தை முதலில் வாங்கி, யாருக்கு எறிவது என்று முடிவு செய்பவன் ஒருவன் உண்டு. அவனுக்குப் பெயர் குவார்ட்டர்பேக்.

அண்ணன் அந்த ஆட்டத்துக்குள் போனது தற்செயலாகத்தான். ஒரு வெள்ளிக்கிழமை, ஸ்டோரைத் திறந்து தண்ணீர் கேன்களை எடுத்துக்கொடுக்க வேண்டும் என்று அப்பாவை வரச்சொன்னார்கள். எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். தன் பக்கம் உருண்டு வந்த பந்தை எடுத்துக்கொண்டு அண்ணன் சும்மா ஓடினான். விளையாட்டாகத் துரத்திய ஏழெட்டுப் பையன்களில் ஒருவனாலும் அவனைத் தொட முடியவில்லை. அடுத்த வாரமே மேனேஜர் அவன் இடுப்பில் ரிப்பனைக் கட்டிவிட்டார். அதற்கடுத்த வாரம் அவன்தான் குவார்ட்டர்பேக்.

அப்போதெல்லாம் அவன் யாருக்கும் பந்து எறிந்ததாக எனக்கு நினைவில்லை. எறிவதுபோலக் கையை ஓங்குவான், பிறகு ஓடிவிடுவான். அவன் ரிப்பன் காற்றில் பறப்பதைத்தான் மற்றவர்களால் பார்க்க முடிந்தது.

ஒரு நாள் மேனேஜர் காரில் ஏறப்போகும்போது அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினார். பையன் நன்றாக ஓடுகிறான், ஆனால் அடுத்த வருஷம் பெரிய பையன்களோடு ஆட வேண்டும், அங்கே கால் மட்டும் போதாது என்றார். தன் ஆட்கள் சுற்றி அரண்போல நிற்கும்போது நடுவில் பதறாமல் நின்று, யார் தனியாக இருக்கிறார்கள் என்று பார்த்து எறியப் பழக வேண்டும். யாரும் தனியாக இல்லாதபோது ஓடட்டும். வேண்டுமானால் கொஞ்ச நாள் ஒரு கார்ப்பெட் துண்டின் மேல் நிற்கவைத்துப் பழக்குங்கள் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். போகிறபோக்கில் சொன்னதுதான். அப்பா அதை ஆபீஸ் ஆர்டராக வாங்கிக்கொண்டார்.

மறுநாள் வரும்போது கையில் நீல நிறத்தில் ஒரு கார்ப்பெட் துண்டு. ஆபீஸுக்குப் போட்டதில் மிஞ்சியது. சட்டைப் பையில் அதற்கான கேட் பாஸ். கேட் பாஸ் இல்லாமல் ஒரு ஆணியைக்கூட வெளியே கொண்டுவராதவர் அவர்.

அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. "ஓடுற புள்ளய ஓடாதங்கிறதுக்கு ஒரு வெளாட்டா?" என்றாள்.

"சார் சொல்லிட்டாரு."

"அவரு சொல்லுவாரு. அவருக்கென்ன, அவரு புள்ளையா நிக்கப்போவுது?"

"ஓட்டம் அவன் பொறக்கறப்பவே கொண்டு வந்தது. அது எங்க போயிடப்போவுது? நிக்கத்தான் கத்துக்கணும்."

இந்தப் பதில் அன்று எனக்கு மிகச் சரியாகப் பட்டது. நேற்றுப் பாயை விரிக்கும்போது நானும் கிட்டத்தட்ட இதையேதான் நினைத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு டூட்டி ஐந்து மணிக்கு முடியும். வந்ததும் டீயைக் குடித்துவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் மொட்டைமாடிக்கு ஏறிவிடுவார். தண்ணீர்த் தொட்டிகளுக்கும் டிஷ் ஆன்டெனாக்களுக்கும் நடுவே கயிறு கட்டி, அம்மாவின் துண்டுகளில் மூன்றைத் தூரம் தூரமாகத் தொங்கவிட்டிருந்தார். அவை மூன்றும் அண்ணனின் ஆட்கள். அண்ணன் கார்ப்பெட் மேல் நிற்க வேண்டும். அப்பா அரபிக்காரர்கள்போல "யல்லா!" என்று கத்திக்கொண்டு, தலையணையைக் கையில் பிடித்தபடி அவனை நோக்கி ஓடிவருவார். அவர் வந்து மோதுவதற்குள் அண்ணன் முதல் துண்டைப் பார்த்து, இரண்டாவதைப் பார்த்து, மூன்றாவதைப் பார்த்து, அப்பா காலையில் எந்தத் துண்டைச் சொல்லியிருந்தாரோ அதன் மேல் எறிய வேண்டும். பத்துத் தடவை ஓடிவந்ததும் அப்பா தொட்டிக் குழாயின் மேல் உட்கார்ந்துவிடுவார். முதுகெல்லாம் நனைந்து சட்டை ஒட்டிக்கிடக்கும். நாள் முழுக்க ஸ்டோரில் நின்ற மனிதர். மூச்சு அடங்கியதும் மறுபடி எழுந்து தலையணையை எடுப்பார்.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. காலியான பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அண்ணனின் பாதங்களை மட்டும் பார்க்க வேண்டும். கால் கார்ப்பெட்டை விட்டு வெளியே வந்தால் கை தூக்க வேண்டும். நான் கை தூக்கினால் அந்த எறிதல் செல்லாது, திரும்பவும் எறிய வேண்டும். சாலையோரம் நின்று வேகமாகப் போகும் காரைப் படம் பிடிக்கிற கேமராவை அங்கே எல்லோரும் ரேடார் என்பார்கள். அண்ணன் எனக்கு அந்தப் பெயரை வைத்தான்.

"அப்பா, இந்த ரேடார் பொய் சொல்லுது. கால் உள்ளதான் இருந்துச்சு."

"கட்டைவிரல் வெளிய வந்துச்சு. நான் பாத்தேன்."

"கட்டைவிரல் எல்லாம் ஒரு காலாடி?"

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே தீர்ப்புச் சொல்வார். "கால்தான். திரும்பப் போடு."

அந்த வீட்டில் என் சொல் செல்லுபடியான முதல் விஷயம் அது. நான் அதைப் பொறுப்பாகச் செய்தேன். கண்ணைச் சிமிட்டாமல் பார்க்கப் பழகினேன். சில வாரங்களில் அண்ணனின் கால் வெளியே வருவது குறைந்துபோனது. எனக்குச் சொல்வதற்கு எதுவும் இல்லாமல் போனது. இதுவரை யாரிடமும் சொல்லாததை இங்கே சொல்கிறேன். அந்த நாட்களில், கால் வெளியே வராதபோதும் ஒன்றிரண்டு தடவை கை தூக்கியிருக்கிறேன். அவன் பந்தை எடுத்துத் திரும்பவும் எறிந்தான். சண்டை போடுவதை அவன் என்றைக்கு நிறுத்தினான் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

முன்பெல்லாம் கோல்ட் ஸ்டோர் என்று சொல்லும் தெருமுனை மளிகைக் கடைக்கு அனுப்பினால், அம்மா சீப்பை எடுத்து என் தலையை வாரி முடிப்பதற்குள் குபூஸ் ரொட்டிப் பாக்கெட்டோடு திரும்பி வந்து நிற்பான். இப்போது நடந்து போய் நடந்து வந்தான். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஏங்க, புள்ள நடந்து வாரான்" என்றாள், ஏதோ காய்ச்சல் கண்டதுபோல. "பொறுப்பு வந்துருக்கு" என்றார் அப்பா.

குளிர்காலம் முடியும் நேரத்தில் கடைசி ஆட்டம் வந்தது. எதிரே வேறொரு குடியிருப்பின் பையன்கள். இந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெரிய பையன்கள் அணிக்கு ஆள் எடுப்பேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த அணி துபாய்க்கு விமானத்தில் போய் ஆடப்போகிறது. அண்ணன் ஒரு வாரமாக ஜன்னலோர சீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். அவன் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

அன்று அவன் ஆடியது என் கண்ணிலேயே நிற்கிறது. பந்தை வாங்கினான், அசையாமல் நின்றான், இடமிருந்து வலமாகப் பார்த்தான், எறிந்தான். பந்து ஓடிக்கொண்டிருந்தவனின் கைக்குள் போய் விழுந்தது. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை மைதானத்தின் பாதி தூரம் எறிந்தான். மேனேஜர் நடந்து வந்து அப்பாவின் தோளைத் தட்டினார். அப்பா அட்டென்ஷனில் நிற்பதுபோல நின்றார். அவர் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

கடைசி வாய்ப்பு வந்தபோது எங்கள் பக்கம் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. அண்ணன் பந்தை வாங்கினான். அவனுடைய ஆட்கள் ஒவ்வொருவனோடும் எதிராளி ஒருவன் ஒட்டிக்கொண்டிருந்தான். எறிய இடமில்லை. முன்னாலிருந்து இரண்டு பேர் அவன் ரிப்பனைக் குறிவைத்து ஓடிவந்தார்கள். ஆனால் இடது பக்கம், தாண்டினால் புள்ளி கிடைக்கும் கோடு வரைக்கும் வெறும் புல். ஒரு ஆள்கூட இல்லை. கோல்ட் ஸ்டோருக்குப் போகும் தூரத்தில் கால்வாசிகூட இருக்காது. மேனேஜர் இரண்டு கைகளையும் வீசி, "கோ! கோ!" என்று கத்தினார்.

அண்ணனின் இடது கால் எழும்பியது. அப்படியே நிமிர்ந்து அப்பாவும் நானும் நின்ற பக்கம் பார்த்தான்.

புல்லில் கார்ப்பெட் இல்லை. ஆனால் அது எங்கே இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் கை தூக்கினேன்.

கால் திரும்பவும் தரைக்கு வந்தது. அடுத்த நொடி ரிப்பன் இன்னொருவன் கையில் இருந்தது. விசில் ஊதினார்கள்.

மேனேஜர் கோபப்படவில்லை. ஏன் ஓடவில்லை என்று குனிந்து கேட்டார். அண்ணன் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாதான் முந்திக்கொண்டு, "சார், கார்ப்பெட் பிராக்டீஸ் சார். டெய்லி சார்" என்றார். மேனேஜருக்கு அது என்னவென்று புரியச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு சிரித்துவிட்டார். அது ஏழெட்டு நாளைக்குச் சொன்னதாயிற்றே என்றார். மேனேஜர் சிரித்ததால் அப்பாவும் சிரித்தார். பிறகு மைதானத்தில் வைத்திருந்த ஆரஞ்சுக் கூம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கத் தொடங்கினார். அவை ஸ்டோருக்குத் திரும்ப வேண்டியவை.

துபாய்க்குப் போனவர்களில் அண்ணன் இல்லை. அடுத்த சீசனுக்குள் மேனேஜர் வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அந்த ஆட்டமும் அவரோடு போனது.

அன்று அவன் பார்த்தது அப்பாவைத்தான் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். கோபம் வரும்போதெல்லாம், "புள்ள காலக் கட்டிப் போட்டுட்டீங்களே" என்று பல வருஷம் சொல்லிக் காட்டினாள். அப்பா ஒரு தடவையும் பதில் பேசியதில்லை. நானும் பேசியதில்லை. அண்ணன் இன்று வரை எவரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது போன் செய்து கேட்கலாம்தான். ஆனால் அவன் என்ன சொல்வான் என்று தெரிந்துகொள்கிற தெம்பு எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

அன்று காரில் பின் சீட்டில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். முன்னால் அப்பாவும் அம்மாவும். நான்தான் அவன் முழங்கையைத் தொட்டு, "நான் கரெக்டா பாத்தேன்ல?" என்று கேட்டேன்.

"ஆமா ரேடார். கரெக்டா பாத்த."

வீடு வரும்வரை எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்த நீலக் கார்ப்பெட்டை அம்மா வாசலில் மிதியடியாகப் போட்டாள். நாங்கள் எல்லோரும் அதை மிதித்துத்தான் உள்ளே வருவோம். அண்ணன் மட்டும் மிதிக்காமல் தாண்டி வருவான். அதுவும் ஒரு விளையாட்டு என்று நினைத்தேன். அவன் தாண்டும்போதெல்லாம் நான் கையைத் தூக்கிக்காட்டிச் சிரிப்பேன். அவன் சிரிக்க மாட்டான். அவனுக்கு எங்கள் ஆட்டம் மறந்துபோய்விட்டது போலிருக்கிறது என்று எண்ணி, அடுத்த தடவை கையை இன்னும் கொஞ்சம் உயரமாகத் தூக்குவேன்.